அடுப்பின் காலில் கட்டிய ஊசி

பாரிஸ் புறநகரான பொண்டியில் மகளின் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு காஸ் அடுப்பு இருக்கிறது. வார்ப்பிரும்பில் செய்தது. மூன்று கால், இரண்டு வளையம், ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனித் திருகு. தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு பாரம். அதன் ஒரு காலில் செப்புக் கம்பியால் ஓர் ஊசி கட்டித் தொங்குகிறது. சேலைத் தலைப்பை மடித்துத் தோளில் குத்துவோமே, அந்த ஊசி. அது என்னுடையது. பதினைந்து வருடமாக அது அந்தக் காலிலேயே தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், சம்பந்தியார் என்னுடைய ஒரு பிழையை எல்லோரும் பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்து வந்தேன். வாய் திறந்து கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

சம்பந்தியார் என்றால் என் மகளின் மாமனார். பிரெஞ்சுக்காரர். பெல்ஜியம் எல்லையோரத்து வடக்கு ஊரில் பிறந்தவர். விமானநிலையத்தில் பயணப்பெட்டிகள் ஓடுகிற பட்டிகளைத் திருத்துகிற வேலை, அதனால் அதற்குப் பக்கத்து ஊரான கூசேன்விலில் வீடு. நான் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் முப்பது வருடம் அடுப்புப் பார்த்தவள். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, எது என்றாலும் எங்கள் முதலாளி சமையல் ஒப்புக்கொள்வார், கிடாரத்துக்கு முன்னால் நிற்பது நான். எனக்கு பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பேசுவதும் அடுப்படிப் பிரெஞ்சுதான். ஆனால் ஒரு நெருப்பைப் பார்த்தால் அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மகள் அவருடைய மகனைக் கட்டப் போகிறேன் என்றபோது ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கல்யாண மண்டபத்துக்குள் குடிவகை வரக் கூடாது. இதைக் கேட்கச் சம்பந்தியாரும் மனைவியும் லாச்சப்பலில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்தார்கள். மின்தூக்கி இல்லாத கட்டடம். மூச்சு வாங்க ஏறி வந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் கோவிக்கக் கூடாது. கலியாணத்துக்கு அடுத்த நாள் தன்ரை வீட்டுத் தோட்டத்திலை ஒரு சாப்பாடு குடுக்கப் போறாராம். அதிலை தான் காய்ச்சின பியர் வைக்கலாமோ எண்டு கேக்கிறார்."

காய்ச்சுவதா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் பனங்கூடலுக்குள் ஒளித்து வைத்துக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவார்கள், பொலிஸ் வந்தால் கிடாரத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஓய்வுக்குக் கிட்ட வந்த ஒரு மனிதர், தொப்பி போட்டவர், கசிப்புக் காய்ச்சுகிறாரா?

"பிள்ளை, இந்தாளைப் பொலிஸ் பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்துவிட்டாள். அவருக்கு முகமெல்லாம் சிவந்தது. பிறகுதான் விளங்கப்படுத்தினார். பியர் வடிக்கிற சரக்கு இல்லை. முளைகட்டிய பார்லியைச் சுடுநீரில் ஊற வைத்து, அந்தச் சாற்றைக் கசப்புப் பூப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்துப் புளிக்க விடுவது. சம்பந்தியாரின் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா தன் கையால் காய்ச்சினாராம். அப்பாவுக்கு அவருடைய அப்பா. இவருக்கு இருப்பது ஒரே மகன். காய்ச்சாமல் விட்டால் அந்தக் கல்யாணத்தில் தான் நின்றதாகவே இராது என்று சொன்னார். சொன்ன குரல் கெஞ்சுகிற குரல் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிற குரல். பொங்கலுக்குப் பானை வைக்காதே என்று யாரும் எனக்குச் சொன்னால் நானும் அந்தக் குரலில்தான் பதில் சொல்லியிருப்பேன்.

நான் சரி என்று சொன்னதற்கு அது மட்டும் காரணம் இல்லை. பேச்சோடு பேச்சாக அவர் தன் கஷ்டத்தையும் சொன்னார். இதுவரை சின்னப் பானையில் காய்ச்சியது. இப்போது ஐம்பது லீற்றர் வேண்டும். வீட்டு மின்சார அடுப்பு அதைக் கொதிக்க வைக்காது. மேலும் ஒரு முறை பொங்கி வழிந்து நிலமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் சம்பந்தியம்மா அவரைக் குசினிக்குள் விடுவதே இல்லை. காஸ்தான் வழி. எந்தக் காஸ், எந்த அடுப்பு என்று மூன்று மாதமாக வாசிக்கிறாராம். பையிலிருந்து தாள்கள் அடங்கிய கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தாள் தாளாக அச்சடித்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தார். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடுகிறதாம். அடுப்பு என்ற சொல் வந்தவுடன் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு, "முசியே, அடுப்பை என்னிடம் விடுங்கள்" என்றேன். என் பிரெஞ்சில் எப்படிச் சொன்னேனோ, அவருக்கு விளங்கியது.

இங்கே இரும்புப் போத்தலில் வருகிற காஸ் இரண்டு வகை. பூத்தான் ஒன்று, புரோப்பான் ஒன்று. வித்தியாசம் என்ன என்று அவருடைய தாள்கள் பக்கம் பக்கமாகச் சொல்லின. எனக்கு அதைச் சொல்லித் தந்தது செவ்ரானில் நடந்த ஒரு தை மாதக் கல்யாணம். மண்டபத்தின் பின்வளவில் அடுப்புகளை வைத்து, நாலு போத்தல் பூத்தான் பூட்டி, சோற்றுக் கிடாரத்தை ஏற்றினோம். நிலம் வெள்ளையாக உறைந்திருந்தது. அரிசி போட்டுச் சிறிது நேரத்தில் நெருப்புச் சுருங்கத் தொடங்கியது. குத்துவிளக்குத் திரி அளவுக்கு வந்தது. போத்தலைத் தூக்கிப் பார்த்தால் நிறையக் காஸ் இருக்கிறது, தளம்புகிறது, ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறது. முதலாளி கொதிநீரை அள்ளிப் போத்தல்மேல் ஊற்றப் போக, மண்டபத்துக் காவல்காரன் ஓடி வந்து பேசாத பேச்செல்லாம் பேசினான். அவன் பேசியதுதான் சரி, அது ஆபத்தான வேலை. மாப்பிள்ளை வீட்டார் வடையையும் கேக்கையும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அரைவேக்காட்டுச் சோற்றை நான் மண்டபத்துச் சின்ன அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வேக வைத்தேன். அன்றைக்குப் படித்தது: பூத்தான் குளிரில் படுத்துவிடும், அது வீட்டுக்குள் வைக்கிற காஸ். வெளியில் எரிக்க வேண்டும் என்றால் புரோப்பான். புரோப்பானை ஒருநாளும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது. சம்பந்தியார் காய்ச்சப் போவது மார்ச் மாதம், தோட்டத்தில். அவருடைய மூன்று மாத யோசனையை நான் ஒரு நிமிடத்தில் முடித்தேன்.

அடுப்பு வாங்க லாச்சப்பலிலேயே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிற தம்பி என்னை வருடக் கணக்காகத் தெரிந்தவன். பக்கத்தில் நெடுநெடு என்று நிற்கிற வெள்ளைக்காரரைக் கண்டதும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, இவரை வைச்சுக் கொத்துரொட்டிக் கடை போடப் போறியளோ?"

"ஓம். தட்டுறதுக்கு ஆள் இல்லை. நீ வாறியோ?"

"உங்களோடை வேலை செய்ய என்னாலை ஏலாது அக்கா. எதுக்கு அடுப்பு?"

"என்ரை சம்பந்தி இவர். ஐம்பது லீற்றர் காய்ச்ச வேணும்."

"பாயாசமோ?"

"உனக்கென்னத்துக்கு? அடுப்பைக் காட்டு."

அவன் மூன்று அடுப்புக் காட்டினான். ஒன்று சீனக் கடைகளில் வைத்திருப்பது, நடுவில் ஒரே குழாய், பற்ற வைத்தால் விமானம் கிளம்புகிற மாதிரி இரைகிற நெருப்பு. சம்பந்தியாருக்கு அதில்தான் கண். கோப்பில் அதற்குத்தான் கூடுதலாக மஞ்சள் கோடு போட்டிருந்தார், சீக்கிரம் கொதிக்குமாம். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பார்லிக் கூழை முதலில் எப்படி வைத்திருக்க வேண்டும்? விரல் வைக்க முடியாத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது, அப்படி ஒரு மணித்தியாலம் என்றார். அதற்குப் பிறகு? நன்றாகப் புரண்டு கொதிக்க வேண்டும், அதுவும் ஒரு மணித்தியாலம். அப்படியென்றால் இந்த இரைகிற அடுப்பு ஆகாது. நடுவில் ஓரிடத்தில் குத்துகிற நெருப்பு கூழை அடிப்பிடிக்க வைக்கும், அடிப்பிடித்தால் பிறகு என்ன பூப் போட்டாலும் அந்த மணம் போகாது. இரட்டை வளைய அடுப்பைக் காட்டினேன். உள்வளையம் மட்டும் எரிந்தால் பொறுமையான சூடு. வெளிவளையத்தையும் திறந்தால் அடி முழுவதும் பரவி எரியும். பாற்சோற்றுக்கும் இறைச்சிக்கும் ஒரே அடுப்பு போதும் என்று நாங்கள் வைத்திருப்பது இதைத்தான். அவர் குனிந்து இரண்டு திருகையும் திருகிப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கோப்பை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. காஸ் வெளிவருகிற ஊற்றுக்கண் போத்தல் காஸுக்கு உரியதுதானா, வீட்டுக் குழாய் காஸுக்கு உரியதா என்று தம்பியிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தூக்கினோம்.

அதைக் கூசேன்விலுக்கு ரயிலில் கொண்டு போனோம். சம்பந்தியார் ஒரு பக்கக் காலைப் பிடிக்க, நான் மறுபக்கக் காலைப் பிடிக்க, வடக்கு நிலையத்தின் படிகளில் இறங்கினோம். பெட்டிக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் அடுப்பு ஒரு மூன்றாவது ஆள் மாதிரி நின்றது. சேலைக்கு மேலே குளிர் கோட்டுப் போட்ட நான், தொப்பி போட்ட அவர், இடையில் கறுத்த இரும்பு. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பேச எங்களுக்குச் சொற்கள் குறைவு. அவர் தன் ஊர் இருக்கிற திசையைக் காட்டி "நோர்" என்றார், வடக்கு. நான் என் நெஞ்சில் கை வைத்து "முவா ஓசி நோர்" என்றேன். நானும் வடக்குத்தான் என்று. யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று மகன் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெரிதாகச் சிரித்துவிட்டார்.

தோட்டத்தில் அடுப்பை வைத்து, பெற்றோல் நிலையத்தில் வாங்கி வந்த புரோப்பான் போத்தலைத் தள்ளி நிறுத்தி, குழாயைப் பூட்டினார். நான் சவர்க்கார நுரையைக் குழாயின் பொருத்துகளில் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. உடனே பற்ற வைத்துப் பார்க்கப் போனார். நான் கையைக் காட்டி மறித்தேன். புது அடுப்பில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். எங்கள் வீடுகளில் அது செய்யாமல் ஒரு புது அடுப்பில் தண்ணீர்கூடச் சுட வைக்க மாட்டோம். சம்பந்தியம்மாவிடம் சின்னச் சட்டியும் பாலும் வாங்கினேன். சூரியன் இருந்த இடத்தைப் பார்த்துக் கிழக்கு எது என்று கணித்து, சட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சரித்து வைத்து, இரண்டு வளையத்தையும் திறந்து எரிய விட்டேன். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. நல்ல சகுனம். நிறைய வழியட்டும் என்று விட்டேன், என் ஒரே பிள்ளையின் கல்யாணம் அல்லவா? அடுப்பின் மேலே சிந்தியதை ஈரத்துணியால் துடைத்தேன். சம்பந்தியாரும் மனைவியும் கைதட்டினார்கள். ஏன் கைதட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை காய்ச்சுகிற நாள். பியர் புளித்துப் போத்தலுக்குள் பழுக்க ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், வேண்டும் என்று சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குச் சரியாக ஏழு கிழமைதான் இருந்தது. பார்லி அவருடைய தம்பி வடக்கிலிருந்து அனுப்பிய ஒரு மூட்டை, வேறு இல்லை. அந்த நாள் தவறினால் தவறியதுதான். நானும் முதலாளியிடம் முதன்முறையாக ஒரு சனிக்கிழமை லீவு கேட்டு வாங்கினேன். காற்றுக்கு மறைப்பாக அடுப்பின் இரண்டு பக்கமும் தகரம் நிறுத்தினேன், போத்தல் பக்கம் திறந்து விட்டேன். உள்வளையத்தை மட்டும் எரியவிட்டுப் பார்லிக் கூழை ஒரு மணித்தியாலம் வைத்திருந்தோம். அவர் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்ப்பார், நான் ஆவியைப் பார்ப்பேன், இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவோம். அடுப்பு நூல் பிடித்த மாதிரி எரிந்தது. வடித்த சாற்றில் ஒரு கரண்டி எனக்குத் தந்தார். கசப்புப் பூப் போடும் முன்னால் அது பியர் இல்லை, வெறும் இனிப்புச் சாறு, குடிக்கலாம் என்று அடித்துச் சொன்னார். குடித்தேன். சின்ன வயதில் காய்ச்சல் விட்ட பிறகு தருகிற மால்ட் பானத்தின் ருசி. இன்னொரு கரண்டியும் வாங்கிக் குடித்தேன்.

பிறகு சாற்றைக் கிடாரத்தில் ஏற்றி, வெளிவளையத்தைத் திறந்தேன். அங்கேதான் பிடித்தது சனி. ஒரு பக்கம் நீலமாக எரிகிறது. மறுபக்கம் பாதி வளையம் செத்துப் போயிருக்கிறது, ஓரிரண்டு துளையில் மட்டும் மஞ்சளாக நாக்கு நீட்டி, கிடாரத்தின் வெளிப்புறத்தில் கரி பிடிக்கிறது. திருகை முழுதாகத் திறந்தாலும் அப்படித்தான். அரை மணித்தியாலம் போனது, முக்கால் மணித்தியாலம் போனது. சாறு ஆவி விட்டுக்கொண்டு நின்றதே தவிரப் புரளவில்லை. கொதிக்காத சாறு புளித்துக் கெட்டுவிடும். சம்பந்தியார் போத்தலைத் தட்டிப் பார்த்தார், போத்தல் தலையில் இருந்த அழுத்தக் குமிழைக் கழற்றிப் பூட்டினார். பிறகு கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அந்தக் கோப்பு முன்பு இருந்த இடத்தை. அது எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் அடுப்புப் பார்த்தவள் நான், என்னிடம் விடுங்கள் என்று சொன்னவள் நான்.

கடைக்காரத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவுடனே தொடங்கினேன்.

"டேய் தம்பி, என்னடா எனக்குப் பழுதான சாமானைத் தள்ளி விட்டனியோ? சம்பந்தி வீட்டிலை என்ரை மானம் போகுது!"

"அக்கா, அக்கா, பொறுங்கோ. எங்கை எரியேல்லை, உள்ளையோ வெளியோ?"

"வெளி வளையம். ஒரு பக்கம்."

"ஒரு பக்கமோ? அதிலை ஏதும் ஊத்துப்பட்டதே?"

"என்ன ஊத்துப்படுறது? புது அடுப்பு!"

அவன் மெல்லக் கேட்டான். "பால் காய்ச்சினனீங்களோ, அக்கா?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். திரும்பி அடுப்பைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது கிழக்குப் பக்கம். மேலே சிந்தியதைத் துடைத்த எனக்கு, துளைகளுக்குள் இறங்கியது தெரியாமல் போயிற்று. ஒரு கிழமை காய்ந்து, இன்றைக்கு உள்வளையச் சூட்டில் கரிந்து, ஒவ்வொரு துளையையும் அடைத்துக்கொண்டு இருந்தது. கடை அடுப்புகளை நாங்கள் நாள்தோறும் கழற்றிக் கழுவுவோம், அதனால் அங்கே எத்தனை பால் பொங்கினாலும் இப்படி நேர்ந்ததில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுப்புப் பழுது என்று கடைக்காரன் தலையில் போட்டிருந்தால் சம்பந்தியார் நம்பியிருப்பார், அவருக்கு என் அடுப்படி அறிவில் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் பழுது என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார், சாறு போயிருக்கும். கிடாரத்தைப் பார்த்தேன். அவருடைய அப்பா, அந்த அப்பாவின் அப்பா எல்லோரும் அதைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது. அவர் முன்னால் போய் நின்று, "முசியே, பிழை என்னுடையது. அந்தப் பால்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அடுப்பைக் காட்டினேன், கிழக்கைக் காட்டினேன், கையைப் பொங்குகிற மாதிரி உயர்த்தி வழிகிற மாதிரி இறக்கினேன். சம்பந்தியம்மாதான் முதலில் விளங்கிக்கொண்டு வாயைப் பொத்தினாள். என் வாழ்நாளில் அடுப்புக்கு முன்னால் நின்று நான் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

காஸை நிறுத்தினோம். கொதிக்கிற கிடாரத்தை ஒருநாளும் இருவராகத் தூக்கக் கூடாது, கை தவறினால் கால் போய்விடும். சாற்றை மூடியுள்ள வாளிகளில் அள்ளி இறக்கி, பாரம் குறைந்த பிறகு கிடாரத்தைத் தூக்கினோம். சுட்ட வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், அதனால் தானாக ஆறும் வரை பொறுத்திருந்தோம். பிறகு வளையத்தைக் கழற்றி ஒரு பழைய சாக்கில் வைத்துவிட்டு, என் தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். கறுத்த பால் பொருக்குப் பொருக்காக வந்தது. சம்பந்தியார் எனக்கு எதிரே சாக்கின் மறுபக்கம் உட்கார்ந்து, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார். அவருக்கு நிலத்தில் உட்கார்ந்து பழக்கம் இல்லை, முழங்கால் இரண்டும் தோளுக்கு நேரே நின்றன. பாதி வழியில் அவர் ஏதோ சொன்னார். நான் நிமிராமல் இருக்க, இன்னொரு முறை மெல்ல மெல்லச் சொன்னார். பால் இல்லாமல் தொடங்கியிருந்தால், யாருக்குத் தெரியும், இதைவிட மோசமாகப் போயிருக்குமோ என்னவோ. அவர் பகிடி விட்டாரா, உண்மையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பப் பூட்டிப் பற்ற வைத்தபோது இரண்டு வளையமும் நீலப் பூவாக விரிந்தன. சாறு கொஞ்ச நேரத்தில் புரளத் தொடங்கியது. அவர் கூம்பு கூம்பாக இருந்த அந்தப் பச்சைக் கசப்புப் பூவைக் கைநிறைய அள்ளிப் போட்டார், தோட்டமெல்லாம் வேப்பம்பூ வறுத்த மாதிரி ஒரு மணம். கிடாரத்தைப் பார்த்தபடியே தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். நான் அவசரமாக ரயிலுக்கு ஓடினேன், ஊசி நினைவுக்கே வரவில்லை. வழி முழுவதும் தலைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் என் சொற்படி மண்டபத்தில் நடந்தது. மறுநாள் தோட்டத்தில் அவர் சொற்படி. பியர் நன்றாக வந்திருந்ததாம். வடக்கிலிருந்து வந்த அவருடைய தம்பி ஒரு மிடறு குடித்துவிட்டு அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கடைக்காரத் தம்பியையும் அழைத்திருந்தேன். அவன் கோப்பையோடு என்னிடம் வந்து, "பாயாசம் திறம், அக்கா" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன், ஆனால் அவனைத் திட்டியதற்கு ஈடாக ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சிக் கறியும் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் பேத்தி பிறந்து கூசேன்விலுக்குப் போனபோதுதான் அடுப்பின் காலில் அந்த ஊசி கட்டியிருக்கக் கண்டேன். செப்புக் கம்பி மூன்று சுற்று, இறுக்கமான முடிச்சு, இயந்திரம் திருத்துகிறவரின் கை வேலை. எனக்குச் சுருக்கென்றது. வருகிறவர் போகிறவர் கேட்பார்கள், இவரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வருடத்துக்கு இரண்டு முறை காய்ச்சினார், ஒவ்வொரு முறையும் என்னை அழைத்தார். சனிக்கிழமை வேலை என்று சொல்லிவிடுவேன். வேலை இருந்தது உண்மை. வேலையை விட்ட பிறகும் அதையேதான் சொன்னேன். மற்ற நாட்களில் போனேன், வந்தேன், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு காய்ச்சிக் கொண்டு போனேன். மதாம் என்று தொடங்கியவர் சம்பந்தி என்று கூப்பிடப் பழகினார், "ச"வை மட்டும் கொஞ்சம் சீட்டியடிக்கிற மாதிரிச் சொல்வார். நல்ல உறவுதான். அந்த ஊசி மட்டும் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் மாசியில் அவர்கள் கூசேன்வில் வீட்டை விட்டு வடக்கே, தம்பிக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டுக்குப் போனார்கள். முழங்கால் இரண்டும் அவரை விட்டுவிட்டன. மாடி வீட்டில் புரோப்பான் வைக்கக் கூடாது. அதனால் அடுப்பை மருமகனின் காரில் ஏற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு தானும் பொண்டிக்கு வந்தார். கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். மருமகன் போத்தலைப் பூட்டினார். அப்போதுதான் நான் கவனித்தேன், வெளிவளையத்தின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பூச்சால் ஒரு பொட்டு. இது என்ன என்று கேட்பதற்குள் அவர் என்னைப் பார்த்து, "சம்பந்தி, பால்?" என்றார்.

நான் ஒன்றும் விளங்காமல் உள்ளே போய்ப் பால் எடுத்து வந்தேன். அவர் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் சம்பந்தியம்மாவிடம் வாங்கிய அதே சட்டி, அடி கன்னங்கரேலென்று இருந்தது. அதில் இரண்டு மிடறு பால் ஊற்றி, கதிரையிலிருந்து குனிந்து, வெள்ளைப் பொட்டின் பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தார். பற்ற வைத்தார். பால் பொங்கிப் பொட்டின்மேல் வழிந்தது. காஸை நிறுத்தி, ஆறும் வரை காத்திருந்தார். பிறகு அடுப்பின் காலில் கட்டியிருந்த செப்புக் கம்பியை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பொட்டுப் பக்கத்துத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினார். ஒரு துளையும் தவறவில்லை.

மகளிடம் அவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தொடங்கினாராம். முதலில் பால், பிறகு ஊசி, பிறகு பார்லி. ஒரு முறைகூடச் சாறு கெட்டதில்லையாம். வடக்கே அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் இப்படியே காட்டிக் கொடுத்து, அவர்களும் பால் காய்ச்சாமல் பியர் தொடங்குவதில்லையாம். இந்தப் பொட்டு எதற்கு என்று நான் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார், இதைப் போய் நான் கேட்கிறேனே என்று.

"கிழக்கு" என்றார். தமிழில்தான் சொன்னார். அந்தச் சொல்லை நான் எப்போது அவருக்குச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஊசியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். திருப்பித் தருகிறாராம். வாங்கிப் பார்த்தேன், நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டது, ஆனால் துரு ஒரு பொட்டும் இல்லை. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். தோளில் குத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நானே குனிந்து, செப்புக் கம்பியை அதே காலில் மூன்று சுற்றுச் சுற்றி, பழையபடி கட்டினேன். அவருடைய முடிச்சுப் போல வரவில்லை. மருமகன் குறடு எடுத்து வரப் போனார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு மீண்டும் அடுப்பைப் பற்ற வைத்து, சம்பந்தியார் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைய சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆட்டிறைச்சிக் கிடாரத்தை ஏற்றினேன். கிழக்குப் பக்கமும் சேர்த்து, சுற்றிவர நீலமாக எரிந்தது.